அகால மரணங்களை ஆராய்வது எப்படி? காயம், வன்முறை இறப்புகள் பற்றிய முழு வழிகாட்டி

“ஆண், வயது 34. தலையில் பலத்த காயம். மரணம்.”

இறப்புப் பதிவேடுகளில் இப்படிப்பட்ட வரிகளை ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் எழும். இவர் பைக்கிலிருந்து விழுந்தாரா? கட்டடச் சாரம் சரிந்ததா? யாரேனும் அடித்தார்களா? தானே தேடிக்கொண்ட முடிவா? நான்கிலும் காயம் ஒன்றுதான். தடுக்கும் வழியோ ஒவ்வொன்றுக்கும் வேறு. “தலையில் காயம்” என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஹெல்மெட் சட்டமும் எழுத முடியாது, சாரத்துக்கு வலையும் கட்ட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, காயத்தாலும் வன்முறையாலும் ஆண்டுக்குச் சுமார் 44 லட்சம் பேர் இறக்கிறார்கள். 2021இல் சாலையில் மட்டும் 11.9 லட்சம் பேர், நீரில் மூழ்கி 3 லட்சம் பேர். தற்கொலையால் இறப்பவர்கள் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் அதிகம். பெரும்பாலும் வாழ வேண்டிய வயதில் போனவர்கள். இந்த இறப்புகளை ஆராய வருகிற பொது சுகாதார மாணவர்கள், மருத்துவர்கள், பதிவேட்டு அலுவலர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி. எந்தப் படியில் இருந்தாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: “எப்படி நடந்தது” என்ற விவரம். எத்தனை பேர் என்பது அதற்குப் பிறகுதான்.

முதல் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“சாலை விபத்துகளைப் பற்றி ஆராயப் போகிறேன்” என்றால் அது ஆய்வுக் கேள்வி ஆகாது. “இரவு 8 மணிக்குப் பிறகு நடந்து போகிறவர்கள் எந்த வகைச் சாலையில் அதிகம் அடிபட்டு இறக்கிறார்கள்?” என்பது கேள்வி. யார், எதனால், எங்கே, எந்தக் காலத்தில் ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும்.

“விபத்து” என்ற சொல்லையும் ஆய்வறிக்கையில் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே “யார் என்ன செய்ய முடியும், விதி” என்ற பெருமூச்சு ஒளிந்திருக்கிறது. இந்தத் துறை பிறந்ததே அந்தப் பெருமூச்சை ஏற்றுக்கொள்ளாதவர்களால்தான். ஹியூ டி ஹேவன் என்ற இளைஞர் முதல் உலகப் போர்க் காலத்தில் கனடாவில் விமானப் பயிற்சி பெற்றபோது, நடுவானில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. அவர் பிழைத்தார். வயிற்றுக்குள் ஏற்பட்ட காயங்களுக்குத் தன் இடுப்பு வாரின் கொக்கிதான் காரணம் என்று அவர் பிற்பாடு முடிவுக்கு வந்தார். 1942இல், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் தப்பியவர்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். எதன் மேல் விழுந்தார்கள், அது எவ்வளவு அமுங்கிக் கொடுத்தது, விசை உடலில் எப்படிப் பரவியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். மற்றவர்கள் அதிசயம் என்று சொன்னதை அவர் அளந்து காட்டினார். வாகனத்தின் உட்புறமே மனிதரைக் காக்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்ற சிந்தனை வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாம் படி: யார் கணக்கில் வருவார், யார் வரமாட்டார்

இதைத் தரவைத் தொடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். தரவைப் பார்த்தபின் எழுதினால், நமக்கு வேண்டிய விடைக்கு ஏற்ப வரையறை தானாக வளைந்துகொள்ளும்.

உலகெங்கும் பயன்படும் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் வெளிப்புறக் காரணங்களுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. ‘வி’ வரிசை போக்குவரத்துக்கு. ‘டபிள்யூ’ 00 முதல் ‘எக்ஸ்’ 59 வரை விழுதல், மூழ்குதல், தீ, நஞ்சு போன்ற தற்செயல் நிகழ்வுகள். ‘எக்ஸ்’ 60 முதல் 84 வரை தனக்குத்தானே விளைவித்துக்கொண்டவை. ‘எக்ஸ்’ 85 முதல் ‘ஒய்’ 09 வரை பிறர் தாக்கியவை. ‘ஒய்’ 10 முதல் 34 வரை நோக்கம் தெரியாதவை. ‘ஒய்’ 35, 36 சட்ட நடவடிக்கையும் போரும். பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய ஆண்டுகளின் தரவு பத்தாம் பதிப்பில்தான் கிடைக்கும் என்பதால் இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதே வகைப்பாட்டில் ‘எஸ்’ (S), ‘டி’ (T) வரிசைக் குறியீடுகள் காயத்தின் தன்மையைச் சொல்கின்றன: மண்டை எலும்பு முறிவு, கல்லீரல் கிழிவு என்று. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இறப்புக்கான அடிப்படைக் காரணம் எப்போதும் வெளிப்புறக் காரணமாகவே இருக்க வேண்டும். மண்டை உடைந்ததை அடிப்படைக் காரணமாகக் குறித்தால், உடைத்தது எது என்பது அந்த வரியிலிருந்தே காணாமல் போய்விடும்.

நாள் கணக்கையும் முடிவு செய்யுங்கள். சாலை இறப்புகளுக்கு, நிகழ்வு நடந்து 30 நாட்களுக்குள் இறந்தால் கணக்கில் சேர்ப்பது சர்வதேச வழக்கம். சில இடங்களில் காவல்துறை, நிகழ்விடத்தில் இறந்தவர்களை மட்டும் எண்ணும். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வருவது பிழை மட்டுமே. இறந்தவர் வசித்த ஊரில் எண்ணுவதா, சம்பவம் நடந்த ஊரில் எண்ணுவதா என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். பெரிய மருத்துவமனை இருக்கும் ஊரில் எல்லா இறப்பும் குவிந்து, அந்த ஊரே ஆபத்தானது போலத் தோன்றும்.

மூன்றாம் படி: ஒரே பதிவேட்டை நம்பாதீர்கள்

இறப்புப் பதிவேடு, காவல்துறைக் கோப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவு, ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவு, செய்தித்தாள், வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. வழக்கு ஆகாத மரணம் காவல்துறைக் கோப்பில் இராது. மருத்துவமனைக்கு வராமலே இறந்தவர் மருத்துவமனைப் பதிவில் இருக்கமாட்டார். செய்தித்தாளில் பரபரப்பானவையே அதிகம் இருக்கும். குளத்தில் மூழ்கிய குழந்தை இரண்டு வரி, அல்லது அதுவும் இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது? இந்தியாவில் 2010இல் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்த தற்கொலைகள் சுமார் 1,34,600. அதே ஆண்டுக்கு, வீடுகளுக்குச் சென்று குடும்பத்தாரிடம் விசாரித்துக் காரணம் கண்டறியும் ‘வாய்மொழி உடற்கூறாய்வு’ முறையின் அடிப்படையில் ஆய்வாளர்கள் கணித்த எண் சுமார் 1,87,000. அச்சமும் அவமானமும் சட்டச் சிக்கலும் ஒரு மரணத்தின் பெயரையே மாற்றி எழுத வைக்கின்றன.

இரண்டு பதிவேடுகள் கிடைத்தால் இரண்டிலும் இல்லாதவர்களைக்கூட மதிப்பிட ஒரு வழி இருக்கிறது. மீன்வளத்தைக் கணக்கிடுபவர்கள் கையாளும் ‘பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும்’ முறைதான் அது. காவல்துறைப் பட்டியலில் 120 பேர், மருத்துவமனைப் பட்டியலில் 90 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 60 பேர் என்று வையுங்கள். பெயர்களை இணைத்துப் பார்த்தால் மொத்தம் 150 பேர். மருத்துவமனையின் 90 பேரில் 60 பேரை, அதாவது மூன்றில் இரண்டு பங்கை, காவல்துறை பிடித்திருக்கிறது. அதே விகிதத்தில்தான் எல்லோரையும் பிடித்திருக்கும் என்றால் உண்மையான எண்ணிக்கை 120ஐ மூன்றில் இரண்டால் வகுத்தால் வரும் 180. எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்கள் 30 பேர்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக, ஒரு பட்டியலில் இருப்பது மற்றதில் இருப்பதற்குக் காரணமாகக் கூடாது. மருத்துவமனையே காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும் இடங்களில் இந்த நிபந்தனை உடைந்து, விடை உண்மையைவிடக் குறைவாக வரும். இரண்டு பட்டியல்களையும் இணைக்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். வயது, பால், தேதி, இடம் நான்கையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

நான்காம் படி: படிவத்தில் ஒரு பெரிய பெட்டி வையுங்கள்

பெரும்பாலான படிவங்களில் டிக் அடிக்கும் கட்டங்கள்தான் நிறைந்திருக்கும். நான் வலியுறுத்துவது, “நடந்ததைச் சொந்த வார்த்தையில் எழுதுக” என்று குறைந்தது ஏழெட்டு வரிக்கு இடம் விட்ட ஒரு பெட்டி. ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கும்.

ஓர் உதாரணம். கட்டங்களில் இருப்பது: பெண், வயது 2, மூழ்குதல், வீட்டுக்கு அருகில், காலை. பெட்டியில் இருப்பது: “காலை 10 மணி இருக்கும். அம்மா அடுப்படியில். அக்காவுக்கு ஆறு வயது, அவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வாசலிலிருந்து குட்டை இருபது அடி. கரைக்கு வேலி இல்லை. செருப்பு மிதந்ததைப் பார்த்துத்தான் தேடினார்கள். தூக்கியபோது மூச்சில்லை. தலைகீழாகப் பிடித்துச் சுற்றினார்கள். வண்டி கிடைக்க அரை மணி நேரம்.”

இந்த வரிகளை வில்லியம் ஹாடன் என்ற மருத்துவர் தந்த அட்டவணையில் போட்டுப் பாருங்கள். 1966இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக இருந்தவர் அவர். அவருடைய அட்டவணையில் குறுக்கே மூன்று காலங்கள்: நிகழ்வுக்கு முன், நிகழும்போது, பின். நெடுக்கே நான்கு காரணிகள்: மனிதர், ஊறு விளைக்கும் பொருள், சுற்றுப்புறம், சமூக ஏற்பாடு. ஆறு வயதுக் குழந்தையின் பொறுப்பில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பது ‘முன்–சமூகம்’. வேலி இல்லாத கரை ‘முன்–சுற்றுப்புறம்’. தலைகீழாகச் சுற்றியது ‘பின்–மனிதர்’: அந்த நேரத்தில் தேவைப்பட்டது செயற்கைச் சுவாசம். வண்டிக்கு அரை மணி நேரம் ‘பின்–சமூகம்’. “தாய் கவனிக்கவில்லை” என்று ஒரே வரியில் முடித்திருந்தால் இவை எல்லாமே புதைந்திருக்கும். நூறு பெட்டிகளைப் படித்து, எந்தக் கட்டம் திரும்பத் திரும்ப நிரம்புகிறது என்று பாருங்கள். வங்கதேசத்தில் சிறு குழந்தைகளின் மூழ்கல்கள் காலை வேளையில், பெரியவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் அந்த நேரத்துக்கென்று கிராமக் குழந்தைகள் காப்பகங்கள் வந்தன.

கொலைகளை ஆராய்ந்தால் ‘இறந்தவருக்கும் கொன்றவருக்கும் உள்ள உறவு’ என்ற பத்தி கட்டாயம் வேண்டும். ஐ.நா. கணக்குப்படி 2023இல் கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்களில் 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவரோ குடும்பத்தாரோதான். அந்தப் பத்தி இல்லாத படிவம், பத்தில் ஆறு பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மறைத்துவிடும்.

ஐந்தாம் படி: துக்க வீட்டுக்குள் போகும் முன்

நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இழப்பு நடந்த சில நாட்களில் போய்க் கதவைத் தட்டக் கூடாது; சில வாரங்கள், மாதங்கள் விடுங்கள். அதிகம் தாமதித்தால் நினைவு மங்கும் என்பதும் உண்மை. எனவே எத்தனை நாள் கழித்துப் போனீர்கள் என்பதையும் ஒவ்வொரு படிவத்திலும் குறியுங்கள்.

வன்முறையால் நேர்ந்த இறப்பு என்றால், அதற்குக் காரணமானவர் அதே வீட்டில் உட்கார்ந்திருக்கக்கூடும். தனி இடத்தில் பேசுங்கள். யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவதற்குப் பொதுவான கேள்விகள் கொஞ்சம் தயாராக இருக்கட்டும். குடும்ப வன்முறை ஆய்வுகளில் பெண்ணின் பாதுகாப்பே முதன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அவசரம் என்றால் எங்கே அனுப்புவது என்ற பட்டியல் கையில் இல்லாமல் களத்துக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.

பேட்டி எடுப்பவரையும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை வீடுகள்தான் என்று வரம்பு வையுங்கள். அன்று மாலை உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இருக்க வேண்டும். குழந்தை இறந்த வீட்டிலிருந்து வந்த களப்பணியாளரிடம் “படிவம் நிரம்பிவிட்டதா?” என்று மட்டும் கேட்கும் மேற்பார்வையாளராக இருக்காதீர்கள்.

ஆறாம் படி: குறியீடு இடுதல்

இருவர் தனித்தனியே, ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல் குறியீடு இட வேண்டும். மாறுபடும் இடங்களை மூன்றாமவர் தீர்க்கட்டும். இருவரின் ஒத்துப்போதலைக் ‘கப்பா’ அளவால், அதாவது தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் அளவால், குறிப்பிடுங்கள்.

பிறகு எதற்கும் பயன்படாத குறியீடுகள் எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள். ‘எக்ஸ்’ 59, அதாவது எதனால் என்றே தெரியாத தற்செயல் நிகழ்வு. ‘ஒய்’ 34, அதாவது நோக்கமும் வழியும் தெரியாதது. இவை அதிகமாக இருந்தால், மற்ற எல்லா எண்களும் உண்மையைவிடக் குறைவு. தற்கொலை ஓர் ஆண்டில் சட்டென்று குறைந்திருந்தால், அதே ஆண்டில் ‘நோக்கம் தெரியாதவை’ உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே மகிழ்ச்சி அடையுங்கள்.

ஏழாம் படி: விகிதம்

எண்ணிக்கையை மக்கள் தொகையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்குங்கள். இது எளிது. தவறுவது ஒப்பிடும்போதுதான். முதியவர்களில் விழுந்து இறப்போர் லட்சத்துக்கு 50, மற்றவர்களில் 5 என்று வைப்போம். இரு பகுதிகளிலும் இதே அபாயம்தான். முதல் பகுதியில் முதியவர்கள் 20 சதவீதம். மொத்த விகிதம் 14. இரண்டாவதில் 5 சதவீதம். மொத்த விகிதம் 7.25. அபாயம் ஒன்றே; ஆனால் முதல் பகுதி இரு மடங்கு மோசம் என்று தலைப்புச் செய்தி வரும். இரு பகுதிகளிலும் வயதுப் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிடும், வயதுக்கு ஏற்பச் சீராக்கிய விகிதத்தைக் கொடுப்பது இதற்காகத்தான்.

சின்ன எண்களிடம் எச்சரிக்கை. 10 இறப்புகள் என்றால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டால் உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பு, ஏறக்குறைய 5 முதல் 18 வரை. 4 இறப்பு 8 ஆனதை “நூறு சதவீத உயர்வு” என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

எட்டாம் படி: ஏன் என்று கேட்பது

இறந்தவர்களை மட்டும் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 70 சதவீதம் என்றால், சாலையில் ஓட்டுகிறவர்களில் 70 சதவீதம் பேர் அணியாதவர்களாகவே இருக்கலாம். ஒப்பிட ஆள் வேண்டும். அதே இடத்தில் அதே நேரத்தில் பாதுகாப்பாகக் கடந்து போனவர்களையோ, காயம்பட்டும் பிழைத்தவர்களையோ எடுக்கலாம். இப்படி ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துத்தான், ஹெல்மெட் பைக் ஓட்டுநர்களின் இறப்பை ஏறத்தாழ 42 சதவீதம் குறைக்கிறது என்ற முடிவு கிடைத்தது.

கணப்பொழுதில் வந்து போகும் காரணங்களுக்கு அழகான முறை ஒன்று உண்டு: அதே மனிதரையே அவருக்கு ஒப்பீடாக வைப்பது. 1997இல் டொராண்டோ ஆய்வாளர்கள், மோதலில் சிக்கிய ஓட்டுநர்கள் மோதலுக்குச் சற்று முன்பு செல்போனில் பேசினார்களா, முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினார்களா என்று பார்த்தார்கள். பேசும்போது மோதல் அபாயம் சுமார் நான்கு மடங்கு. ஒரே ஆள் என்பதால், முரட்டு ஓட்டுநர்கள்தான் அதிகம் பேசுவார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒன்பதாம் படி: தடுத்துப் பார்ப்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963இல் 5,714 தற்கொலைகள். 1975இல் 3,693. இடையில் வீடுகளுக்கு வந்த எரிவாயு, நச்சு மிகுந்த நிலக்கரி வாயுவிலிருந்து நச்சற்ற இயற்கை வாயுவுக்கு மாறியது. இலங்கையில் 1995இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. அதிக நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, 2005க்குள் அது பாதியானது. ஒரு கொடிய வழி கைக்கு எட்டாமல் போனால் எல்லோரும் வேறு வழி தேடிப் போய்விடுவதில்லை. தாங்க முடியாத அந்த நேரம் கடந்தபின் உயிரோடிருப்பவர்கள் அதிகம். இறப்புகள் ‘எதனால்’ என்று பிரித்து எழுதப்பட்டிருந்ததால் மட்டுமே இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

கொலம்பியாவின் காலி நகரத்தில் 1992இல் மேயரானவர் ரோட்ரிகோ கெரேரோ என்ற தொற்றுநோயியலாளர். கொலைகளை அவர் கொள்ளைநோயைப் போல வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். வார இறுதி, சம்பள நாள், மது, துப்பாக்கி என்று அவை குவிந்தன. அந்த நாட்களில் துப்பாக்கி ஏந்தத் தடை போட்டார்கள். தடை இருந்த காலத்தில் கொலை விகிதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை, கொலை நடந்த நாளும் நேரமும் வரிசையாகப் பதிவாகியிருந்ததுதான்.

உங்கள் ஆய்வில், மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு எதுவும் செய்யாமலேயே ஓரளவு குறையும் என்பதை மறக்காதீர்கள். இறப்பு அதிகம் நடந்த வளைவைத் தேர்ந்தெடுத்துப் பலகை வைத்துவிட்டு, “குறைந்துவிட்டது” என்று சொல்லக் கூடாது. பலகை வைக்காத அதேபோன்ற வளைவுகளையும் அளக்க வேண்டும். பல ஆண்டுகளின் மாத வாரித் தரவை எடுத்து, நடவடிக்கைக்கு முன்பிருந்த போக்கு பின்பு எங்கே முறிகிறது என்று பாருங்கள்.

பத்தாம் படி: யாரிடம் கொடுப்பது

தற்கொலை பற்றி எழுதும்போது வழியை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணம் சூட்டாதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சேருங்கள். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை உள்ள கட்டங்களை மறையுங்கள். சின்ன ஊரில் அந்த ‘1’ யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆய்விதழில் வெளிவந்தால் மட்டும் போதாது. வேல்ஸின் கார்டிஃப் நகரில், அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பாளர்கள் தாக்கப்பட்டு வந்தவர்களிடம் எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் என்று கேட்டுக் குறித்தார்கள். பெயர் நீக்கிய அந்தப் பட்டியல் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் போனது. காவல்துறை அறியாத சண்டை இடங்கள் அதில் தெரிந்தன. ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டபோது வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 42 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது.

எனவே முடிவுகளை ஒரே பக்கமாக்கி, எந்தச் சாலை, எந்த நேரம், எந்தப் பொருள் என்று எழுதி, அதை மாற்றும் அதிகாரம் உள்ளவரின் மேசையில் நேரில் கொடுங்கள். முதலில் விவரம் தந்த பதிவேட்டு எழுத்தருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தான் எழுதிய வரி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், அடுத்த முறை “தலையில் காயம்” என்பதோடு நிறுத்தாமல், “சாரத்தின் பலகை ஒடிந்து, மூன்றாம் மாடியிலிருந்து” என்றும் சேர்த்து எழுதுவார்.